கேள்வி–பதில்: வீட்டு வாசலில் கார் நிற்கத்தான் வேண்டுமா?

சொந்தக் காரின் எதிர்காலம் பற்றியும், கார் ஓட்டாமல் வாழ்வதற்குரிய வழிகள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. "முதலில் ஒரு காரை வாங்கிவிடு" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டுகளில் சொந்தக் கார் என்ற வழக்கமே மறைந்துவிடும் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் இப்போது கடன்பட்டுக் கார் வாங்குவது சரியா?

பதில்: இருபது ஆண்டுகளில் சொந்தக் கார் மறைந்துவிடும் என்று யார் உறுதி கூறினாலும் நம்ப வேண்டாம். கார்ல் பென்ஸ் தம்முடைய மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886இல். ஃபோர்டு நிறுவனத்தின் டி மாடல் கார் வெளிவந்தது 1908இல். அதற்குப் பின் வந்த நூறாண்டுகளில் பணியிடம் ஒரு மூலையிலும், குடியிருப்பு வேறொரு மூலையிலும், பள்ளியும் கடைத்தெருவும் இன்னும் வேறு மூலைகளிலுமாக, கார் இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே உலகின் பல நகரங்கள் விரிந்துவிட்டன. அவ்வளவு காலம் கட்டியதை இருபது ஆண்டுகளில் கலைத்துக் கட்டிவிட முடியாது. ஆகவே, நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது கார் என்ற பொருள் நிலைக்குமா என்பதைவிட, உங்கள் வாழ்க்கைக்கு அது உண்மையிலேயே வேண்டுமா என்பதையே.

நகரத் திட்டவியல் அறிஞர் டொனால்ட் ஷூப் பல ஆண்டுகள் வலியுறுத்திவந்த ஒரு கணக்கு உண்டு: சராசரிக் கார் ஒன்று தன் ஆயுளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டு நேரம் ஓடாமல் நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே பயன்படும் ஒரு பொருளுக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் சேர்த்து நாம் விலை கொடுக்கிறோம். மாதத் தவணை, காப்பீடு, பராமரிப்பு, நிறுத்துமிடம், ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறைந்துகொண்டே போகும் விலைமதிப்பு ஆகிய எல்லாம் அந்த நின்ற நேரத்துக்கும் சேர்த்துத்தான். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. இந்தச் செலவுகளில் பெரும்பகுதி முன்கூட்டியே கழிந்துவிடுவதால், கார் வாசலில் வந்து நின்ற நாள் முதல் ஒவ்வொரு பயணத்துக்கும் எரிபொருள் செலவு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பேருந்துச் சீட்டோ வாடகைக் காரின் கட்டணமோ அதனருகில் வைத்துப் பார்க்கும்போது வீண் செலவாகத் தோன்றும். பக்கத்துத் தெருவுக்கும் காரை எடுக்கும் பழக்கம் சோம்பலால் வருவதாகச் சொல்வார்கள். எனக்கு அது இந்தக் கணக்கின் விளைவாகவே தோன்றுகிறது.

முடிவு எடுப்பதற்கு முன் மூன்று மாதங்கள் ஒரு குறிப்பேட்டில் உங்கள் பயணங்களை எழுதி வாருங்கள். எங்கே சென்றீர்கள், எத்தனை பேர், எவ்வளவு சாமான், வேறு வழி இருந்ததா, அந்த வழியில் எவ்வளவு நேரம் ஆகியது என்பவை போதும். காரின் ஓராண்டு முழுச் செலவை ஒரு பக்கமும், அதே பயணங்களைப் பேருந்து, ரயில், வாடகைக் கார், சைக்கிள் ஆகியவற்றில் செய்தால் ஆகும் செலவை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் 1987இலேயே சிலர் கூட்டுறவு முறையில் காரைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். தேவைப்படும் மணி நேரத்துக்கு மட்டும் காரை எடுத்துக்கொண்டு திருப்பி விடுவதுதான் அந்த ஏற்பாடு. அது வளர்ந்து இன்று அந்நாடு முழுவதும் இயங்குகிறது. உங்கள் வட்டாரத்தில் அத்தகைய வசதி இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். கணக்கு முடிந்த பிறகும் கார்தான் தேவை என்று தெரிந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் திருமணம் என்ற ஒரே காரணத்துக்காக வாங்காதீர்கள்.

கேள்வி: எல்லாக் கார்களும் மின்சாரக் கார்களாக மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

பதில்: ஒரு பிரச்சினை பெருமளவு தீரும். பெட்ரோல் எஞ்சின் தான் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதையே சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. மிச்சம் வெப்பமாக வீணாகிறது. மின்மோட்டாரிலோ பெரும்பகுதி ஆற்றல் சக்கரத்துக்கே போய்ச் சேர்கிறது. புகைக்குழாய் இல்லை, சத்தமும் குறைவு. நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்கார்களாக இருந்ததை வைத்துப் பார்த்தால், இந்த மாற்றம் நடக்கக்கூடியதே என்பதில் ஐயமில்லை. நான் அதை முழுமனத்துடன் வரவேற்கிறேன்.

ஆனால் மின்காரும் சாலையில் அதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்கிறது. அமெரிக்க நகரப் போக்குவரத்து அலுவலர்களின் கூட்டமைப்பு தரும் மதிப்பீட்டின்படி, மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் கார்கள் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 600 முதல் 1,600 பேர் வரை செல்லலாம். அதே தடத்தைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கி அடிக்கடி பேருந்து விட்டால் 4,000 முதல் 8,000 பேர் வரை செல்லலாம். காருக்குள் இருப்பது பெட்ரோலா மின்கலமா என்பதால் இந்த எண்ணிக்கை மாறப்போவதில்லை. பெரிய மின்கலத்தைச் சுமப்பதால் மின்கார்களின் எடையும் கூடுகிறது. டயர் தேய்ந்து காற்றில் கலக்கும் துகள்கள் தொடர்கின்றன.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறொன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழந்தார்கள். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதற்காரணமே சாலை விபத்துதான். மோதும் வண்டி எதில் ஓடினால் என்ன? இந்த எண்ணைக் குறைப்பதற்கு வேகமும் எடையும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைய வேண்டும்.

கேள்வி: ஓட்டுநர் இல்லாத கார்கள் வந்துவிட்டால் யாருமே சொந்தமாக வாங்க மாட்டார்கள், அழைத்தவுடன் வந்து நிற்கும் என்கிறார்களே?

பதில்: அவை வந்துகொண்டிருக்கின்றன என்பது உண்மை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரப் பகுதியில் வேமோ நிறுவனம் 2020 அக்டோபரிலேயே ஓட்டுநர் இருக்கை காலியாக உள்ள வாடகைக் கார்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால் பாதை நேர்க்கோட்டில் செல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2023 அக்டோபரில், வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த ஒரு பெண்மணியின் மீது குரூஸ் நிறுவனத்தின் தானியங்கிக் கார் ஏறி, அவரைச் சிறிது தூரம் இழுத்துச் சென்றது. கலிபோர்னியா அரசு அந்நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்திவைத்தது. தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 2024 டிசம்பரில் அந்த வாடகைக் கார் முயற்சிக்குப் பணம் தருவதையே நிறுத்திக்கொண்டது.

தொழில்நுட்பம் சீரடையும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அறிய, கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஓர் எளிய சோதனையைச் செய்து 2018இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். தானாக ஓடும் காருக்குப் பதிலாக, பதின்மூன்று பேருக்கு ஒரு வார காலம் கட்டணமில்லாமல் பயன்படுத்திக்கொள்ளும்படி ஓட்டுநரைத் தந்தார்கள். அந்த வாரத்தில் அவர்களுடைய கார்கள் ஓடிய தூரம் 83 விழுக்காடு கூடியது. பொருளை வாங்கி வரவும், நண்பரை அழைத்து வரவும், நிறுத்த இடம் தேடாமல் வீட்டுக்கே திருப்பி அனுப்பவும் உள்ளே உரிமையாளர் யாரும் இல்லாமலேயே கார்கள் ஓடின. பதின்மூன்று பேரை வைத்து உலகத்தை அளந்துவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் அந்தப் போக்கு நம்மில் எவருக்கும் அந்நியமானதாகத் தோன்றவில்லை. ஓட்டும் அலுப்பும் நிறுத்துமிடம் தேடும் தொல்லையும்தான் இன்று நம்மைச் சற்றேனும் தடுத்துவைத்திருக்கின்றன. அவை நீங்கினால் சாலையில் ஆளற்ற கார்களின் நெரிசலையும் காண நேரும்.

பார்வையற்றவர்களுக்கும், நள்ளிரவில் பணி முடிந்து திரும்புகிறவர்களுக்கும், ரயில் நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கும் இத்தகைய வண்டிகள் பெரும் உதவியாக அமையலாம். பலர் சேர்ந்து ஏறும் சிறு பேருந்தாக அவை வந்தால் நன்மை. ஒருவருக்கு ஒன்றாக வந்தால் இப்போதுள்ள நெரிசல் இன்னும் நீளும். எது நடக்கும் என்பதை நகர நிர்வாகங்கள் வகுக்கும் விதிகளும் விதிக்கும் கட்டணங்களுமே தீர்மானிக்கும்.

கேள்வி: சாலைகளை அகலப்படுத்தினாலே நெரிசல் குறையாதா?

பதில்: சில காலம் குறையும். அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோனி டவுன்ஸ் 1962இலேயே இதை விளக்கினார்: புதிய தடம் திறந்ததும், இதுவரை வேறு நேரத்தில் கிளம்பியவர்களும் வேறு வழியில் சென்றவர்களும் ரயிலில் போனவர்களும் அந்தத் தடத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலை 2008இல் விரிவாக்கி முடிக்கப்பட்டபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் இருந்தன. சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயண நேரம் மீண்டும் ஏறியது. சியோல் நகரம் எதிர்த்திசையில் சென்றது. சியோங்கியேசியோன் ஓடையின் மேல் எழுப்பியிருந்த உயர்மட்டச் சாலையை 2003 முதல் இடித்து, 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள்; இடையில் பேருந்துகளுக்குச் சாலை நடுவே தனித்தடங்களும் அமைத்தார்கள். நகரம் முடங்கிப் போகும் என்று அஞ்சியவர்கள் பலர். அப்படி எதுவும் நடக்கவில்லை.

கேள்வி: எனக்கு வயது 72. கண்பார்வை சற்று மங்கியதும் பிள்ளைகள் "இனிமேல் கார் ஓட்ட வேண்டாம்" என்று சாவியை வாங்கி வைத்துவிட்டார்கள். அவர்கள் மீது கோபம் இல்லை. ஆனால் மருத்துவரைப் பார்ப்பதற்கும், நண்பர் வீட்டுக்குப் போவதற்கும் யாராவது ஓய்வாக இருக்கிறார்களா என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. இதற்கு விடிவு உண்டா?

பதில்: ஐயா, தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். கார் பற்றிய விவாதங்களில் நாம் மறந்துவிடும் மனிதர் தாங்கள்தான். காரை விட்டால் நடமாட வேறு வழியில்லாத ஓர் ஊரைக் கட்டிவிட்டு, ஓட்ட முடியாத வயதில் ஒருவரை வீட்டுக்குள் உட்காரவைத்துவிடுகிறோம். குழந்தைகளுக்கும், ஓட்டத் தெரியாதவர்களுக்கும், வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் நாள்தோறும் அதே நிலைதான். நாமெல்லோரும் ஆயுள் இருந்தால் ஒரு நாள் தங்கள் இருக்கையில் வந்து அமர வேண்டியவர்களே.

ஜப்பானில் முதியவர்கள் மிகுதியாக வாழும் டொயாமா என்ற நகரம் இந்தக் கவலையை நேரடியாக எதிர்கொண்டது. பரந்து சிதறிய அந்த ஊரில் பெரும்பாலோர் காரையே நம்பியிருந்தார்கள். பயணிகள் குறைந்துபோன ஒரு பழைய கிளை ரயில்பாதை மூடப்படும் நிலையில் இருந்தது. நகராட்சி அதைக் கைவிடாமல், 2006இல் தாழ்தள டிராம் பாதையாக மாற்றியது. படியேறத் தேவையில்லாமல் நடைமேடையிலிருந்து நேராக உள்ளே நடந்து செல்லலாம். முன்பு அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒன்றாக வந்த வண்டி, பகலில் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தது. பயணிகள் பெருகினார்கள், குறிப்பாகப் பகல் நேரத்தில் முதியவர்கள் வெளியே வரத் தொடங்கினார்கள்.

அந்தப் பதினைந்து நிமிடம் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொதுப் போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போது குளிர்சாதனம், வேகம், புதிய வண்டிகள் என்றெல்லாம் பேசுகிறோம். மணிக்கு ஒரு பேருந்து வரும் ஊரில் அது எவ்வளவு சொகுசாக இருந்தாலும், ஒருவர் தம் நாளை அந்தப் பேருந்துக்காக வளைக்க வேண்டியிருக்கும். அடிக்கடி வந்தால்தான் நினைத்தபோது கிளம்ப முடியும். நினைத்தபோது கிளம்ப முடிவதைத்தான் நாம் காரில் விலை கொடுத்து வாங்குகிறோம்.

தங்களுக்கு உடனடியாகச் சொல்லக்கூடியவை சிலவே. முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையால் பார்வை பெரும்பாலும் திரும்பும். காருக்கு ஓராண்டில் ஆகிவந்த செலவைத் தனியே எடுத்துவைத்து, அதை வாடகைக் காருக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வீட்டில் கேட்டு வாங்கும் பணமாக இல்லாமல் அது தங்கள் கையிலேயே இருக்கட்டும். பிள்ளைகளிடமும் வாரத்தில் இன்ன நாள் இன்ன நேரம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். உதவியை எதிர்பார்த்துக் காத்திருப்பதும், குறித்த நாளில் கிளம்புவதும் மனத்துக்கு ஒன்றல்ல.

கேள்வி: நகரத்துக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் விதிப்பது ஏழைகளைத் தண்டிப்பது ஆகாதா?

பதில்: நியாயமான அச்சம். சிங்கப்பூர் 1975இலும் லண்டன் 2003இலும் இத்தகைய கட்டணத்தைத் தொடங்கின. ஸ்டாக்ஹோம் நகரம் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: 2006இல் ஏழு மாதங்கள் சோதனை முறையில் நடத்தி, அதற்குமுன் பேருந்துகளைக் கூட்டி, பிறகு மக்களிடமே வாக்கெடுத்தது. தொடக்கத்தில் பெரும்பான்மையோர் எதிர்த்த திட்டம், போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்ணால் கண்ட பிறகு சிறு பெரும்பான்மையுடன் நகரத்தில் வென்றது; 2007இல் நிலையானது.

மிக வறியவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருப்பதில்லை. நெரிசலில் சிக்கிய பேருந்தில் நின்றுகொண்டிருப்பவர்கள் அவர்களே. ஆனால் வேறு வழியில்லாமல் பழைய கார் ஒன்றில் தொலைவிலிருந்து வேலைக்கு வரும் தொழிலாளி இருக்கிறார். கட்டணம் அவரைத்தான் உண்மையில் வதைக்கும். எனவே பேருந்து முதலில் வர வேண்டும், கட்டணம் அடுத்து வர வேண்டும், வசூலாகும் பணம் போக்குவரத்துக்கே திரும்ப வேண்டும் என்ற வரிசை எனக்கு விட்டுக்கொடுக்க முடியாததாகத் தோன்றுகிறது.

கேள்வி: பேருந்தே வராத கிராமத்தில் இருக்கிறோம். எங்களுக்கும் காரை விடச் சொல்வீர்களா?

பதில்: சொல்ல மாட்டேன். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடங்களில் காரும் இருசக்கர வண்டியும் இன்னும் நெடுங்காலம் தேவைப்படும். அங்கே நெரிசலும் இல்லை. ஆயினும் கிராமம் என்றால் பேருந்து ஓடவே முடியாது என்பது விதியல்ல. சுவிட்சர்லாந்து 1982இல் நாடு முழுவதும் ஒவ்வொரு மணியும் அதே நிமிடத்தில் ரயில் வரும்படி கால அட்டவணையை வகுத்தது. மலைக்கிராமங்களுக்குச் செல்லும் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் அந்த ரயில்களுக்கு இணையாக வந்து நிற்கின்றன. வீட்டுக்கு இரண்டாவது கார் வாங்காமல் இருக்க அது போதும்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. பள்ளி ஒன்றரை கிலோமீட்டர்தான். சைக்கிளில் போகிறேன் என்று கெஞ்சுகிறாள். சாலையில் விரையும் கார்களைப் பார்த்துப் பயந்து நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன். பள்ளி வாசலில் என்னைப் போல் நூறு கார்கள். என்ன செய்வது?

பதில்: தங்கள் பயம் சரியானது, அதைப் பிறர் கேலி செய்தால் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் தாங்கள் பயப்படும் அந்தக் கார்களில் பல, தங்களைப் போலவே பயந்த பெற்றோர் ஓட்டி வருபவை என்பதையும் தாங்களே கவனித்துவிட்டீர்கள்.

சைக்கிள் நாடு என்று பெயர் பெற்ற நெதர்லாந்து ஒரு காலத்தில் இதே நிலையில் இருந்தது. அங்கே 1971இல் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்ற பெயரிலேயே பெற்றோர்கள் இயக்கம் தொடங்கித் தெருவில் இறங்கினார்கள். அடுத்து வந்த எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைக்கப்பட்டது, சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் போடப்பட்டன. இன்று நாம் அங்கே காண்பது அந்தப் பெற்றோர்கள் கேட்டு வாங்கியது.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதப்பட்டவர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். 50ஐத் தாண்டும்போது அது வேகமாகச் சரிகிறது. பின்லாந்தின் ஹெல்சின்கி நகரம் தெருக்களில் வேக வரம்பைப் படிப்படியாகக் குறைத்து, 2019இல் நடந்து சென்றவர் ஒருவர்கூட விபத்தில் இறக்காத ஆண்டைக் கண்டது. பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு 30 கிலோமீட்டர் வரம்பும் வேகத்தடைகளும் வேண்டும் என்று, மற்றப் பெற்றோர்களையும் சேர்த்து உள்ளாட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். தனிக்கடிதத்தைவிடப் பள்ளியின் கடிதத்துக்கு வலு அதிகம்.

அது நிறைவேறும் வரை, அதே வழியில் செல்லும் ஐந்தாறு குழந்தைகளைச் சேர்த்து, ஒரு நாளைக்கு ஒரு பெற்றோர் என்று முறைவைத்துக்கொண்டு நடத்தி அழைத்துச் செல்லுங்கள். ஒன்றரை கிலோமீட்டரைக் குழந்தைகள் பேசிக்கொண்டே இருபத்தைந்து நிமிடத்தில் நடந்துவிடுவார்கள். சைக்கிளை விடுமுறை நாளின் அதிகாலையில், தெரு வெறிச்சோடியிருக்கும் நேரத்தில், தாங்கள் பின்னால் வர அவள் முன்னால் ஓட்டிப் பழகட்டும். எந்தத் திருப்பத்தில் நிற்க வேண்டும், எந்த வாசலிலிருந்து வண்டி பின்னோக்கி வரும் என்பதை அந்தக் காலை நேரங்களில் அவளே கண்டுகொள்வாள்.